மைக் அக்கா பேசாமல் இருந்த மூன்று வாரம்

நகரத்தின் பெரிய ஸ்டேஷனில் எட்டு நடைமேடைகள். எட்டிலும் கூரைக்கடியில் வரிசையாகத் தொங்கும் ஒலிபெருக்கிகளில் ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அவள் குரல் வரும். முதலில் மூன்று மணியோசை, பிறகு "பயணிகளின் கவனத்திற்கு". குரலைத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஆளைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் நடைமேடைக்கு மேலே மாடியில், கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். மேஜையில் மைக், கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வரும் போன், ரயில் நேரங்களைக் குறித்துவைக்கும் நீளமான நோட்டு, ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர். ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த டிக்கெட் பரிசோதகர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இருபத்திரண்டு வயதில் அந்த வேலைக்கு வந்தாள். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும்தான் கேள்வி கேட்டார்.

"ரயில் ரெண்டு மணி நேரம் தாமதம்னு சொல்லணும். ஆனா கேக்குறவனுக்குக் கோபம் வரக் கூடாது. எங்க, சொல்லுங்க பாப்போம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பசியோடு வந்து உட்கார்ந்த அப்பாவிடம், சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்று சொல்வாளே, அந்தக் குரலை எடுத்துக்கொண்டு சொன்னாள். கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டார். மறு வாரமே வேலைக்கான கடிதம் வந்தது.

ஐந்து வருஷம் ஒரே நாற்காலி. அதன் உறை கிழிந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை, ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையிலிருந்து ஒரு ஆள் வந்தார். ரயில் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தையல்காரர். தோளில் கருநீல ரெக்ஸின் சுருள், கையில் ஒரு தகரப் பெட்டி. நாற்காலியைச் சுட்டிக் காட்டினார். அவள் எழுந்து வழிவிட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

மைக்கில் பேசாத நேரத்தில் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இத்தனை நாள் எழுதிப் போட்டும் ஒருத்தரும் வரல. நீங்களாவது வந்தீங்களே" என்று ஆரம்பித்தாள். பஞ்சு கொஞ்சம் கெட்டியாக வைக்கச் சொன்னாள். தன் இடுப்பு வலியைச் சொன்னாள். கொட்டகையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். பதிலே இல்லை. கர்வம் பிடித்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, "வாயைத் தொறந்தா முத்தா கொட்டிடும்?" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அவர் திரும்பினார். அவள் உதடுகள் கடைசி வார்த்தையில் நின்றிருந்தன. பார்த்ததும் புரிந்துகொண்டார் போலும். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பிறகு தைக்கும்போது கோடு போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்து, ரெக்ஸின் மேல் எழுதினார்: "காது இல்லை. கண் உண்டு."

பத்து நிமிஷம் ஒரு முதுகோடு பேசியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. போன் அடித்ததைக்கூடக் கவனிக்காமல் சிரித்ததில், அன்று இரண்டாம் நடைமேடை ரயிலின் அறிவிப்பு மூன்று நிமிஷம் பிந்திப் போனது.

அதன்பிறகு நாற்காலியின் நலம் விசாரிக்க அவர் அடிக்கடி வந்தார். ஆணி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை. கால் ஆடுகிறதா என்று ஒரு தடவை. நன்றாக இருந்த நாற்காலியின் கால் ஆடுவதாக அவளே ஒரு தடவை சீட்டு எழுதி அனுப்பினாள்.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் அண்ணன்தான் குதித்தார். "உன் குரலை ஊரே கேக்குது. கட்டிக்கப் போறவன் மட்டும் கேக்க மாட்டான். இது என்னம்மா கூத்து?"

"எட்டு மணி நேரம் கத்திட்டு வீட்டுக்கு வரேன். வீட்லயும் அறிவிப்பு பண்ணணுமா, அண்ணா?" என்றாள் அவள். அம்மா சிரித்துவிட்டாள். அம்மா சிரித்த பிறகு அந்த வீட்டில் எதற்கும் தடை இருந்ததில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் போனது. ஸ்டேஷனுக்குப் பின்னால் நடக்கிற தூரத்தில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு பெண் குழந்தை. தையல்காரர் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். மைக்கில் ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துப் பழகியதால் அவள் உதடுகள் அச்சடித்த மாதிரி தெளிவாக இருக்கும். இந்த ஊரிலேயே படிக்கச் சுலபமான வாய் உன்னுடையதுதான் என்று அவர் எழுதிக் காட்டுவார். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையே அவளைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று பின்னால் அவளே சொல்வாள். தன் பேச்சு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் கைகள் பேசுவதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், மழை, வேலைக்கு நேரமாச்சு, பாப்பா எங்கே. இப்படி ஐம்பது அறுபது சைகைகள் தெரியும். குடித்தனம் நடத்த அது போதுமாக இருந்தது. அவர் நீளமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நூல் விட்டுப்போகும். அப்போது அவள் சிரித்தபடி தலையாட்டிவிடுவாள். அவரும் கையை மடக்கிக்கொள்வார்.

மகள் அப்படியில்லை. பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குக் கை வந்துவிட்டது. எட்டு வயதில் அப்பாவோடு அவள் அடிக்கும் அரட்டையைப் பார்த்தால் நான்கு கைகளா நாற்பது கைகளா என்று தோன்றும். சாப்பிடும்போது இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சொல்லி, மூச்சு முட்டச் சிரிப்பார்கள்.

"என்னடி அப்படிச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. கொட்டகை விஷயம்."

"எனக்கும் சொல்லேன்."

"அது கையில சொன்னாத்தான்மா சிரிப்பு வரும். வாயில சொன்னா வராது."

அந்த நேரத்தில் மைக் அக்காவுக்கு ஏதோ முள் தைத்த மாதிரி இருக்கும். தட்டைக் கழுவப் போட்டுவிட்டு, மறுநாள் ரயில்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர், மாத்திரை, ஒரு வாரம் விடுமுறை, எதற்கும் அது அசையவில்லை. "ஆறாம் நடைமேடை" என்று சொல்லும்போது "ஆறாம்" மட்டும் வெளியே வந்து, மீதி காற்றாகப் போனது. கீழே பயணிகள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் பட்டாணி போல ஒரு முடிச்சு இருக்கிறது, எடுத்துவிடலாம், பயமில்லை என்றார். பயமுறுத்தியது அதற்கப்புறம் அவர் சொன்னதுதான்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு வாரம் பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூட."

"மெதுவா, ரகசியம் பேசுற மாதிரி..."

"அதுதான் ரொம்பக் கெடுதல்."

"சத்தமில்லாம உதட்டை மட்டும் அசைச்சா? எங்க வீட்ல அவருக்கு அது போதும் டாக்டர்."

"உதட்டைத்தான் அசைக்கிறேன்னு ஆரம்பிப்பீங்க. பத்து நிமிஷத்துல காத்து வரும், அப்புறம் தானா குரல் வரும். வாயைப் பூட்டிடுங்க. உங்க தொண்டை உங்களுக்கு வேணுமா வேணாமா?"

வேணும் என்று தலையாட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் நோட்டும் பேனாவுமாகத் திரிந்தாள். எழுதி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். மகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். தையல்காரர் அதிகம் படித்தவரில்லை. அவள் பக்கம் பக்கமாக எழுதி நீட்டினால், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மெதுவாகப் படிப்பார். அவர் முடிக்கும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தெரிந்த அறுபது சைகைகளை வைத்துச் சமாளித்துப் பார்த்தாள். கடையிலிருந்து சோப்பு வாங்கி வரச் சொன்னதற்கு அவர் மெழுகுவத்தி வாங்கி வந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, தையல்காரர் அந்த நோட்டை அவள் கையிலிருந்து எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். இறங்கி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். அவள் கைகளைப் பிடித்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்குத்தான் பாடம் ஆரம்பித்தது. காலையில் அப்பா, சாயங்காலம் மகள். அப்பா பொறுமைசாலி. மகள் பெரிய கண்டிப்புக்காரி.

"அம்மா, கட்டைவிரல் வெளியே. உள்ளே மடக்கினா அது 'ஆடு'. நீங்க அப்பாவை ஆடுன்னு சொல்லிட்டிருக்கீங்க."

எத்தனை நாளாக என்று அவள் கையால் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து. அப்பாதான் சொல்ல வேணாம்னுட்டார்."

கைகளுக்கு முகமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். புருவத்தைத் தூக்காவிட்டால் கேள்வி கேள்வியாகாது. மைக் முன்னால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு குரலை மட்டும் அனுப்பிப் பழகியவளுக்கு, முகம் முழுக்க வலித்தது. ஆனால் நாளாக நாளாக ஒரு விஷயம் நடந்தது. கைகளை ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பார்ப்பது நின்று, அவர் சொல்வது மொத்தமாக வந்து சேர ஆரம்பித்தது. கொட்டகையில் பெயின்டர் ஏணியோடு விழுந்த கதை வந்தது. பெயின்டர் விழுந்த விதத்தை அவர் இரண்டு விரலால் நடித்துக் காட்டியதும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் சொன்னால்தான் சிரிப்பு வரும் என்று மகள் சொன்னது வாஸ்தவம்தான்.

இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. துவைத்த துணிகள் அறைக்குள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. தையல்காரர் அவளைக் கூப்பிட, உள்ளங்கையை மடியிலிருந்து மார்புவரை மெல்லத் தூக்கினார். தினமும் காலையில் அவளை எழுப்பும்போது அவர் செய்கிற சைகை. அவள் விழித்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

'ஏன், உட்காந்திருக்கிறவளை எழுந்திருன்னு சொல்றீங்க?' என்று கேட்டாள்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். 'எழுந்திரு இல்லை. அது உன் பேர்.'

'என் பேரா? என் பேர் மைக் இல்லையா?'

'அது ஸ்டேஷன்காரங்க வெச்சது. நான் வெச்சது இது. எழுப்புறவ.'

ஏன் அப்படி ஒரு பேர் என்று அவள் கேட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். நீளமான கதை. அவள் கண் இமைக்காமல் பார்த்தாள்.

கொட்டகை வேலைக்கு வந்த புதிதில் அவர் தினமும் காலை மூன்றாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாராம். ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை. நூறு இருநூறு பேர் அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் தூங்குவார்கள், சிலர் பேப்பர் படிப்பார்கள். திடீரென்று அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்குவார்கள். ஒரு நொடி அப்படியே இருப்பார்கள். பிறகு மொத்த நடைமேடையும் எழுந்து மூட்டையைத் தூக்கும். காற்றடித்தால் பயிர் அசைகிற மாதிரி. யார் இவர்களை எழுப்புகிறார்கள்? கூட வேலை செய்பவரிடம் கேட்டார். அவர் மாடி ஜன்னலைக் காட்டி, அங்கே ஒரு பொண்ணு பேசுது என்றார். ஒரு வார்த்தையால் இருநூறு பேரை எழுப்புகிற பெண்ணை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. மேஸ்திரியிடம் போய், மாடி அறை நாற்காலி கிழிந்திருக்காதா என்று கேட்டார். கிழிந்திருக்கிறது, அடுத்த வருஷம்தான் அதன் முறை என்றார் மேஸ்திரி. நான் என் ஓய்வு நாளில் போய்த் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

'அன்னைக்கு உங்களுக்கு லீவா?'

'லீவுதான்.'

'என்னைப் பார்க்கத்தான் வந்தீங்களா?'

'பின்னே, நாற்காலியைப் பார்க்கவா?'

மைக் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'பத்து வருஷமா இதை ஏன் சொல்லல?' என்று கேட்டாள்.

'சொன்னேனே.' அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. 'கல்யாணமான முதல் மாசம். இதே இடத்துல உட்காந்து சொன்னேன். நீ சிரிச்சே. தலையாட்டினே.'

அந்த நாளை நினைவில் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. எத்தனை நாள் அப்படித் தலையாட்டியிருக்கிறாள்! இதைப்போல இன்னும் என்னென்ன சொல்லி, அவள் தலையாட்டியதைப் பார்த்துவிட்டு, அவர் கையை மடக்கிக்கொண்டாரோ. நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். அது அவளுக்குத் தெரிந்த பழைய அறுபதில் ஒன்று. ஆனால் முகம் சேர்ந்து சொன்னது அன்றைக்குத்தான். அவர் எழுந்து, கொடியில் தொங்கிய துணிகளை விலக்கிக்கொண்டு வந்து, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டர் பேசச் சொன்னார். "பயணிகளின் கவனத்திற்கு" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கொஞ்சம் தடித்து, ஓரத்தில் மணல் ஒட்டின மாதிரி இருந்தது. ஆறு மாதத்துக்கு மைக் வேலை வேண்டாம் என்றார் டாக்டர். ஸ்டேஷன் மாஸ்டர் அவளைக் கீழே விசாரணைக் கவுண்டருக்கு அனுப்பினார். மாடி அறைக்கு வேறொரு பெண் வந்தாள். கீழே உட்கார்ந்து அந்தப் புதுக் குரலைக் கேட்கும்போது, தன் வீட்டில் வேறு யாரோ சமைப்பதைப் பார்ப்பதுபோல மைக் அக்காவுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. நன்றாகத்தான் சொல்கிறாள், இருந்தாலும் "தாமதம்" என்பதை இவ்வளவு உற்சாகமாகச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள்.

கவுண்டருக்கு வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, சிக்னல் கேபிள் ஏதோ அறுந்து ஸ்டேஷனே அல்லோலகல்லோலப்பட்டது. வழக்கமாக மூன்றில் வரும் ரயில் ஏழுக்குப் போனது. ஐந்தில் வருவது ஒன்றுக்கு வந்தது. மாடிப் பெண் மூச்சுவிடாமல் அறிவித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் முன்னால் கூட்டம் முட்டி மோதியது. அந்தக் கூட்டத்தின் இடைவெளியில், எதிரே மூன்றாம் நடைமேடையை எதேச்சையாகப் பார்த்தாள் மைக் அக்கா.

நடைமேடை காலியாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படியேறி ஓடினார்கள். ஆறு பேர் மட்டும் பெட்டிகளைச் சுற்றி வட்டமாக நின்று, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகளால்.

சாதாரணமாக இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் கூட்டம் ஓடுவதைப் பார்த்துச் சுதாரித்திருப்பார்கள். அன்றைக்கு எல்லா நடைமேடையிலும் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்; யாரைப் பார்த்து எதைப் புரிந்துகொள்வது? கடிகாரத்தைப் பார்த்தாள். ரயில் கிளம்ப ஒன்பது நிமிஷம். நான்கு தடவை அறிவித்தாகிவிட்டது. இன்னும் நாற்பது தடவை அறிவித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கவுண்டரைப் பூட்டினாள். பின்னால் யாரோ திட்டினார்கள். சுரங்கப்பாதை வழியாக ஓடி, மூன்றாம் நடைமேடையில் ஏறியபோது மூச்சு வாங்கியது. கத்திக் கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அங்கிருந்த பெஞ்சின்மேல் ஏறி நின்று, அவர்கள் கண்ணில் படும்படி இரண்டு கைகளையும் வீசினாள்.

அவர்களில் ஒரு பெண் திரும்பினாள்.

'உங்க ரயில். மூணு இல்லை. ஏழு. எட்டு நிமிஷம். ஓடுங்க!'

ஆறு பேரும் ஒரு கணம் ரயிலை மறந்துவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள். ஸ்டேஷன் சீருடை போட்ட ஒருத்தி பெஞ்சுமேல் நின்று தங்கள் பேச்சைப் பேசுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். அவளே குதித்து இறங்கி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஏழு பேருமாக மேம்பாலத்தில் ஓடினார்கள். கடைசிப் பெட்டிக்குள் அவர்கள் ஏறி, மூட்டைகளை உள்ளே இழுத்துப் போடுவதற்கும் வண்டி அசைவதற்கும் சரியாக இருந்தது.

முதலில் திரும்பிப் பார்த்த அந்தப் பெண், ஜன்னலுக்கு வந்து வேகமாக ஏதோ சொன்னாள். கைகள் வேறு ஊர்க் கைகள். சொற்கள் கொஞ்சம் மாறியிருந்தன. மைக் அக்காவுக்குப் புரியவில்லை. வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சிரித்துத் தலையாட்டினால் போதும், நல்லபடியாக முடிந்துவிடும்.

அவள் தலையாட்டவில்லை. 'புரியல. மறுபடி சொல்லுங்க' என்று கேட்டபடி வண்டியோடு நடந்தாள்.

அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்னும் புரியவில்லை. 'மறுபடி!' வண்டி வேகம் பிடித்தது. மைக் அக்காவும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மூன்றாம் தடவை, அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னது விளங்கிவிட்டது.

'உன் பேச்சு ஆம்பளைப் பேச்சா இருக்கே! யார்கிட்ட கத்துக்கிட்டே?'

நடைமேடையின் விளிம்பில் நின்று மைக் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கொட்டகைத் தையல்காரரிடம் கற்ற பேச்சு வேறு எப்படி இருக்கும்? 'என் வீட்டுக்காரர்கிட்ட!' என்று கையைத் தலைக்குமேல் உயர்த்திச் சொன்னாள். அந்தப் பெண் பார்த்தாளா என்று தெரியவில்லை.

கவுண்டருக்குத் திரும்பியபோது ஸ்டேஷன் மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது கவுண்டரைப் பூட்டிக்கொண்டு ஓடியதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இருபது வருஷமா இந்த ஸ்டேஷன்ல இருக்கேன். இப்படி எத்தனை பேர் ரயிலை விட்டிருப்பாங்க?"

"தெரியல சார். அவங்க வந்து யார்கிட்ட புகார் சொல்லியிருப்பாங்க?"

அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒவ்வொரு நடைமேடையின் படிக்கட்டிலும் ஒரு கரும்பலகை வந்தது. நடைமேடை மாறினால் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இங்கே கையாலும் பேசலாம் என்று காட்ட, மைக் அக்காவின் கவுண்டர் கண்ணாடியில் ஒட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது. தையல்காரர் நீல ரெக்ஸினில் வெள்ளை நூலால் இரண்டு கைகளைத் தைத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து, மைக்குக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் பாதி நாள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் கவுண்டர், மத்தியானம் மாடி. குரல் மாறியதைப் பயணிகளில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கவுண்டருக்கு இப்போது தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ரயிலே ஏறாத சிலரும் வந்து, அரை மணி நேரம் கையால் ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறார்கள். "இது விசாரணைக் கவுண்டரா, அரட்டைக் கவுண்டரா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்பார். ஆனால் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தது அவர்தான்.

வீட்டில் தையல்காரருக்கு ஒரே ஒரு குறை. முன்னெல்லாம் வாயால் மட்டும் பேசிக்கொண்டிருந்த மனைவி, இப்போது கையாலும் ஓயாமல் பேசுகிறாள். சண்டை போடவும் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன வாரம் ஏதோ ஒரு வாக்குவாதம். கொட்டகையிலிருந்து வரும் வழியில் அவர் வாங்க மறந்துவிட்டு வந்த சாமானைப் பற்றி. அவள் இரண்டு கைகளாலும் அடுக்கிக்கொண்டே போக, அவர் பதில் சொல்ல வழியில்லாமல், கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"அப்பா அழுகுணி ஆட்டம் ஆடுறார்மா!" என்று மகள் கத்தினாள்.

மைக் அக்கா விடவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து, உள்ளங்கைக்குள் தன் விரல்களால் மீதிச் சண்டையைப் போட ஆரம்பித்தாள். கண்ணைத் திறக்காமலே அவர் சிரித்தார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.